நிறுவை மேடை மழையையும் நிறுக்கும்

பாகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
டயர் கடை, அதன் மேல்மாடியில் உடற்பயிற்சிக் கூடம்.
எதிர் வரிசையில் எங்கள் ஆய்வகம்.
நடுவே ஒரு வடிகால், ஒரு ரொட்டிச் சானாய்க் கடை.

குணசீலன் டின்னை நெஞ்சோடு அணைத்தபடி வந்தான்.
"இதுல எவ்ளோ இருக்குன்னு பாருங்கக்கா,
பையனுங்க நூத்தி அறுபது வெள்ளி குடுத்து வாங்குறானுங்க."
செம்பனைக் குலை அறுக்கிற பையன்கள்.
டின்னில் எழுதியிருக்கிறது:
ஒரு கரண்டிக்குக் குளுட்டமின் ஐந்து கிராம்.

முதல் முறை பழையது.
கந்தக அமிலத்தில் போட்டுக் கரியாக்கி
கரியும் தெளியும்வரை கொதிக்கவிட்டு
மிஞ்சிய நைட்ரஜனை எண்ணுவது.
நான்கு புள்ளி எட்டு ஐந்து வந்தது.
டின் விற்ற தவுக்கே பார்த்தால் கைதட்டுவார்.
ஆனால் அது ஆலையின் நிறுவை மேடை.
லோரியோடு ஏறியதெல்லாம் அதற்குக் கனம்தான்:
குலை, காம்பு, மண், நேற்றைய மழை,
சீட்டு வாங்க இறங்க மறந்த பையன்.

இரண்டாவதற்கு
ஆறு நார்மல் அமிலம், நூற்றுப்பத்து பாகை,
ஒரு பகல், ஓர் இரவு.
விடிந்து பார்த்தேன். குளுட்டமின் சுழியம்.
டின்னில் இல்லாமல் இல்லை.
கொதியில் அது வேறொன்றாகிவிட்டது.
தேடப் போனவனே கொன்றுவிட்டு
ஆள் இல்லை என்று எழுதித் தந்த மாதிரி.

மூன்றாவதில் சூடு கிடையாது. நீரில் கரைத்து,
மூலக்கூறுக்கு ஒளிரும் வால் ஒன்றை ஒட்டி
நிரலுக்குள் அனுப்பவேண்டும்.
வால் நிமிடங்களில் மங்கிவிடும்.
கைபேசியில் இரண்டு நிமிடம் வைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை ஏற்றினேன்.
மூன்றாம் நாள் மின்சாரம் போனது. எல்லாம் முதலிலிருந்து.

நிரல், மேடைக்கு அப்பால் நிற்கும்
கிரேடர் பச்சையப்பன் மாதிரி.
குலையைக் காலால் புரட்டிப்
பழம், காய், அழுகல் என்று ஒதுக்குவார்.
யாருக்கும் அவரைப் பிடிக்காது.

திரையில் இரண்டு முகடுகள் எழுந்தன.
குளுட்டமின் மூன்று புள்ளி ஒன்று.
பக்கத்தில், அழைக்காமல் வந்த கிளைசின்
ஒன்று புள்ளி எட்டு. மலிவுச் சரக்கு.
இரண்டிலும் நைட்ரஜன் ஏறக்குறைய ஒரே பங்கு.
கலந்தவனுக்கு வேதியியல் தெரியும்.
மேடையைத் தெரிந்துகொண்டுதான்
லோரியை நனைத்திருக்கிறான்.

அதற்காக நிரலை உடனே நம்பிவிடவில்லை.
அளவு தெரிந்த தூய குளுட்டமினை நானே கலந்து
எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தேன், ஆறு தடவை.
பிறகு நோர்லைலாவை அழைத்து,
என் எண்ணைச் சொல்லாமல், அவளை ஆறு தடவை.
நூறு போட்டால் தொண்ணூற்றேழு வந்தது.
அந்த மூன்று எங்கே போனது?
குழாய்ச் சுவரிலா, வடிதாளிலா,
என் கட்டைவிரலின் அவசரத்திலா?
அறிக்கைக்கு ஒரு கூட்டல் கழித்தல் குறி போதும்.
எனக்கு இரண்டு இரவும் போதவில்லை.

முடிவு என்ற கட்டத்தை எல்லாரும் படிப்பார்கள்.
முறை என்ற கட்டத்தை யாரும் படிப்பதில்லை.
அதில்தான் நீளமாக எழுதினேன்.

குணசீலன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"அப்போ பொய்யாக்கா?"
"ஐந்தில் மூன்று மெய்."
கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான்.
"அப்போ ரெண்டு கரண்டி போடச் சொல்லவா?"

சாயங்காலம் எதிர்மாடியில் விளக்கு எரிந்தது.
குலை அறுத்துவிட்டு வந்த பையன் ஒருவன்
டின்னுக்குள் கரண்டியை விட்டெடுத்து
விளிம்பை ஆள்காட்டி விரலால் வழித்து
மேலிருந்ததைத் திரும்ப உள்ளே தட்டினான்,
ஒரு துகள் சிந்தாமல்.